மனச்சிதைவு நோயாளிகளுக்குச் சமூகத் திறன் பயிற்சி: குழுவிலா, தனியாகவா?

மனச்சிதைவு நோய்க்கான மருந்தால் காதில் ஒலித்த குரல்கள் அடங்கிய பிறகும் என் தம்பி யாருடனும் பேசாமலே இருந்தான். சமூகத் திறன் பயிற்சி தேவை என்று மருத்துவர் சொன்னபோது, உளவியலாளரிடம் தனியாகக் கற்பதா, ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவில் கற்பதா என்ற கேள்வி எழுந்தது. நாங்கள் குழுவைத் தேர்ந்தெடுத்தோம். பிறருக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

கற்பிக்கும் முறை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். உதவி கேட்பது போன்ற ஒரு திறனைச் சிறு படிகளாகப் பிரித்துப் பயிற்றுநர் நடித்துக் காட்டுவார். பயில்பவர் அதை நடித்து, முதலில் பாராட்டும் பிறகு திருத்தமும் பெற்று, மறுபடி நடிப்பார். தனிப் பயிற்சியில் அந்தரங்கம் காக்கப்படும், குழுவில் செலவு குறையும் என்பவை எல்லோரும் அறிந்தவை.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது, கற்றது அறையைத் தாண்டி வெளியே வருமா என்பதே. கர்ட்ஸ், மியூசர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 22 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், கற்பித்த பாடத்தைத் தேர்ந்துகொள்வதில் பயன் பெரிதாகவும், சமூக வாழ்வில் இயங்குவதில் நடுத்தரமாகவும், நோய் திரும்புவதைத் தடுப்பதில் சிறிதாகவும் இருந்தது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2014-இல் இப்பயிற்சியை வழக்கமாக அளிக்க வேண்டாம் என்றது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டியோ, சமூகத் திறனை மேம்படுத்திக்கொள்ள விரும்புவோருக்கு இதைப் பரிந்துரைக்கிறது. பாடம் மனத்தில் நிற்பதற்கும் கடைத்தெருவில் கைகொடுப்பதற்கும் இடையிலுள்ள இந்தத் தொலைவைக் குறைப்பதில்தான் குழு மேலானது என்று கருதுகிறேன். உளவியலாளர் பொறுமையாகக் காத்திருந்து, அரைகுறைச் சொல்லையும் புரிந்துகொள்வார். குழுவில் எதிரே அமர்ந்திருப்பவரோ தாமதமாகப் பதில் சொல்வார், முகத்தில் உணர்ச்சி காட்டமாட்டார், சில வேளை கவனிக்கவே மாட்டார். அத்தகையவரிடம் பேசிப் பழகியதால்தான் பேருந்து நடத்துநரின் அவசரத்தைத் தம்பியால் தாங்க முடிந்தது. தன்னைப் போன்றே துன்பப்பட்ட இன்னொருவர் "நல்லா கேட்டீங்க" என்று சொன்னதை, நாங்கள் சொன்ன எதையும்விட அவன் பெரிதாக மதித்தான்.

ஆனால் வீட்டுப் பயிற்சி இல்லாவிட்டால் குழுவும் அவ்வளவாகப் பயன் தராது. கேட்கும் முன்பே தண்ணீர் வந்துவிடும் வீட்டில், விருந்தினர் கேட்பதற்கெல்லாம் தாயே பதில் சொல்லும் வீட்டில், கற்ற திறனுக்கு வேலையே இராது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தம்பியைக் குழுவுக்கு அழைத்துச் செல்வதைவிடக் கடினமாக இருந்தது.

தம்பி நோய் தணிந்த பின்பே குழுவில் சேர்ந்தான். குரல்களும் சந்தேகமும் தீவிரமாக இருப்பவர்களுக்கு எது பொருந்தும் என்று சொல்ல என் அனுபவம் போதாது, மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எந்த மையத்தில் சேர்ப்பதானாலும், வாரந்தோறும் வீட்டுப் பயிற்சி தருகிறார்களா, அதை அடுத்த அமர்வில் விசாரிக்கிறார்களா, குடும்பத்தாரையும் அழைத்துப் பேசுகிறார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.