குடல் நரம்பு செட்: மூன்று தந்திக்கு மதிப்பெண் உண்டு, நான்காவதற்கு இல்லை

நாங்கள் நாலு பேர். இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்). அந்த வயலின்களில் ஒன்று என்னுடையது. வாசிப்பதெல்லாம் 1600க்கும் 1750க்கும் இடைப்பட்ட பரோக் என்ற ஐரோப்பிய இசை, அதிலும் பெரும்பாலும் ட்ரையோ சொனாட்டா. பெயரில்தான் மூன்று, வாசிக்க நாலு பேர் வேண்டும். வயலின்களுக்கு ஆளுக்கொரு வரி. மூன்றாவதான பாஸ் வரியை செல்லோவும் ஹார்ப்சிகார்டும் சேர்ந்து சுமக்கும். வருமானமும் நாலாகத்தான் பிரியும். தந்திச் செலவு மட்டும் அவரவர் பையிலிருந்து. அதனால் புது செட் வாங்குவதற்கு முன் நான் ரொம்ப யோசிக்கிற ஆள்.

இந்த முறை வாங்கியது ஒரு சின்னப் பட்டறையின் செட். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். ஆட்டுக்குடலை முறுக்கி, காயவைத்து, தேய்த்துச் செய்த தந்திகள். வயலினுக்கு நாலு தந்தி, மேலிருந்து கீழாக ஈ, ஏ, டி, ஜி என்ற சுரங்கள். இதில் ஈ, ஏ, டி மூன்றும் வெறும் நரம்பு, வார்னிஷ்கூடக் கிடையாது. ஜி மட்டும் நரம்பின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றியது. ஈ 0.62 மில்லிமீட்டர், ஏ 0.78, டி 1.02. மூன்று மாதம், 7 கச்சேரி வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உறையைப் பிரித்ததும் ஏ தந்தியை மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன். லூட் என்ற பழைய மீட்டு வாத்தியத்தின் பாடநூல்களில் இருக்கும் உத்திதான். இரண்டு கையாலும் தந்தியை இழுத்துப் பிடித்துக்கொண்டு விரலால் சுண்டிவிட வேண்டும். அதிர்கிற தந்தி கண்ணுக்கு இரண்டு தெளிவான கோடாகத் தெரிந்தால் நல்ல தந்தி. மூன்றாவது கோடு நடுவில் கலங்கலாக ஆடினால் தடிமன் சீராக இல்லை என்று அர்த்தம். மாட்டினாலும் சுருதி சேராது. இதில் ஏ, டி இரண்டும் அப்பழுக்கில்லாமல் இரண்டே கோடு. பெரிய பெயர் உள்ள தயாரிப்புகளிலேயே எனக்கு இது எப்போதும் அமைந்ததில்லை.

இது ஏன் முக்கியம்? எங்கள் ஹார்ப்சிகார்ட் வல்லோட்டி என்ற பழைய சுருதி முறையில் சேர்த்தது. ஏ 415 ஹெர்ட்ஸ், அதாவது இப்போதைய 440ஐ விடக் கிட்டத்தட்ட அரைச் சுரம் கீழே. அந்த முறையில் வயலினின் நாலு தந்திகளுக்கும் இடையே உள்ள ஐந்தாம் சுர (ச-ப) இடைவெளி ஒவ்வொன்றும் அரைச் சுரத்தில் 100க்கு 4 பங்கு குறுகலாக இருக்க வேண்டும். காது தானாகத் தேடிப் போகும் சுத்தமான இடைவெளியை விட்டுவிட்டு, வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து நிறுத்தும் வேலை. தந்தியே பொய் சொன்னால் இவ்வளவு நுணுக்கமாக எதை நிறுத்துவது? இந்த டி, ஏ இரண்டும் சொன்ன இடத்தில் நின்றன. ஒத்திகைக்கு முன் எனக்கு மட்டும் கால் மணி நேரம் மிச்சம். ஹார்ப்சிகார்ட்காரருக்கு இல்லை, அவர் எப்போதும் எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, சாவியும் கையுமாகக் குனிந்திருப்பார், பாவம்.

ஒலியைப் பற்றிச் சொல்வதென்றால் டி தந்தியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஸ்டீல் தந்தி எதை வாசித்தாலும் உயிரெழுத்தாகவே நீண்டுகொண்டு போகும். குடல் நரம்பில் ஒவ்வொரு சுரத்துக்கு முன்னாலும் ஒரு மெய்யெழுத்து ஒட்டிக்கொண்டு வரும். வில்லை அழுத்தி விட்டால் வல்லினம், தடவி விட்டால் மெல்லினம். ஹார்ப்சிகார்டும் தந்தியைச் சுண்டி எழுப்பும் வாத்தியம்தானே, அதனால் அதன் உச்சரிப்போடு இது ஒத்துப்போகிறது. இந்த டி தந்தியில் அந்த உச்சரிப்பு இவ்வளவு தெளிவாக வரும் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாவது ஒத்திகையில் செல்லோக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "வில்லை மாற்றிவிட்டாயா?" என்று கேட்டார். வில் அதே பழைய வில்.

ஜி பரவாயில்லை. கொஞ்சம் சோம்பேறி, வேகமான பத்திகளில் பேச ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது.

அப்புறம் ஈ. மூன்று மாதத்தில் ஐந்து ஈ தந்தி போயிற்று. மூன்று ஒத்திகையில், ஒன்று பெட்டிக்குள் கிடந்தபடியே. ஐந்தாவது தந்தி அறுந்தது கச்சேரி மேடையில், இத்தாலிய இசையமைப்பாளர் கோரெல்லி 1689இல் வெளியிட்ட மூன்றாம் தொகுப்பிலுள்ள ஒரு சொனாட்டாவின் மெதுவான பகுதியில். பட்டென்று சத்தம், கன்னத்தில் சுளீர் என்று ஓர் அடி. மீதி வரியை ஏ தந்தியில் கையை மேலே ஏற்றி எப்படியோ ஒப்பேற்றினேன். பகுதி முடிந்ததும் ஹார்ப்சிகார்ட்காரர் கடைசிச் சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு கற்பனையாக ஏதோ வாசிக்க ஆரம்பித்தார். அந்தக் கால பாஸ் வரியின் மேல் வெறும் எண்கள்தான் இருக்கும். அதைப் பார்த்து அங்கேயே இட்டுக்கட்டுவதுதானே அவர் தொழில். நான் முடிச்சுப் போட்டு, பிருடையைத் திருகி, புதுத் தந்தியை ஏற்றும்வரை நாலு நிமிடம் தாக்குப்பிடித்தார். புது நரம்பு நீண்டுகொண்டே போகும் என்பதால் மீதிக் கச்சேரி முழுக்க ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் நான் சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் வந்து அந்தத் தனி ஹார்ப்சிகார்ட் பகுதி பிரமாதம் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பட்டறைக்கு எழுதினேன். இரண்டே நாளில் பதில், கூடவே காசு வாங்காமல் மூன்று மாற்றுத் தந்தி. இந்தப் பண்பு எல்லோரிடமும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அனுப்பியது 0.66 மில்லிமீட்டர்: "தடித்தது, அறாது" என்று ஒரு குறிப்போடு. அங்கேதான் எனக்கு எரிச்சல். நீளமும் சரக்கும் ஒன்றாக இருந்தால், எந்தச் சுருதியில் அறும் என்பது தடிமனைப் பொறுத்ததே இல்லை. தடித்த தந்தி அதிகம் தாங்கும், உண்மைதான். ஆனால் அதை அதே சுருதிக்கு ஏற்ற அதே விகிதத்தில் அதிகமாக இழுக்கவும் வேண்டும். தந்தி செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. இவர்களுடைய ஈயில் கோளாறு முறுக்கில்தான் என்று தோன்றுகிறது. இரண்டாம் நாளே விரல் படும் இடத்தில் இழை பிரிந்து மயிர் மயிராக எழும்புகிறது. எழும்பினால் பிடித்து இழுக்கக் கூடாது, நகவெட்டியால் ஒட்ட நறுக்க வேண்டும். நறுக்கினேன். குதிரையிலும் மேல் மேட்டிலும் தந்தி உட்காரும் பள்ளத்தில் பென்சிலால் தேய்த்துக் கரி ஏற்றினேன். பாதாம் எண்ணெய் தடவினேன். தடித்த ஈயும் ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தது.

செட்டாக வாங்க வேண்டாம். ஏ, டி இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு தனித்தனியாக வாங்கலாம். ஜி உங்கள் விருப்பம். நான் ஈயை வேறு இடத்தில் நாலு சுருளாகச் சொல்லியிருக்கிறேன்; அங்கே ஒவ்வொரு சுருளும் 120 சென்டிமீட்டர், ஒன்றை வெட்டினால் இரண்டு தந்தி. அடுத்த கச்சேரிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஹார்ப்சிகார்ட்காரர் இந்தத் தடவை இரண்டு தனிப்பகுதி தயார் செய்து வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார், எதற்கும் இருக்கட்டும் என்று.