சவுண்ட் எடிட்டிங் கத்துக்க புரோ டூல்ஸா, ஃபேர்லைட்டா?

சினிமாவுக்கு சவுண்ட் எடிட் பண்ண கத்துக்கணும்னா முதல்ல எதுல கை வைக்கிறதுன்னு கேக்குறவங்களுக்கு. சென்னை ஸ்டுடியோ எதுக்குள்ள போனாலும் அனேகமா புரோ டூல்ஸ்ங்கிற சவுண்ட் எடிட்டிங் சாஃப்ட்வேர்தான், வேலைக்குப் போற எண்ணம் இருந்தா அத தவிர்க்கவே முடியாது. ஆனா ஓசியில கிடைக்கிற இன்ட்ரோ வெர்ஷன்ல 8 ஆடியோ டிராக்தான், பூம் மைக் ஒண்ணு, சட்டைல குத்துற லேப்பல் மைக் ரெண்டு, ரூம் டோன் (யாரும் பேசாதப்போ அந்த இடத்துல கேக்குற சத்தம்), காலடி, ஆம்பியன்ஸ் (சுத்துப்புற சத்தம்)னு போட்டாலே மூச்சு முட்டும், மாசச் சந்தா கட்ட எல்லாராலயும் முடியாதுல்ல.

ஃபேர்லைட்ங்கிற சவுண்ட் பகுதி டாவின்சி ரிசால்வ்ங்கிற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேருக்குள்ளயே வருது, இலவச வெர்ஷன்லயும் இருக்கு, டிராக் பஞ்சம் இல்ல, படமும் சவுண்டும் ஒரே டைம்லைன்ல. டயலாக் நடுவுல ஒரு இருமலை வெட்டி எடுத்தா அந்த இடம் செத்துப்போன மாதிரி ஆயிடும், அதே லொகேஷன்ல எடுத்த ரூம் டோன அங்க போட்டு ரெண்டு பக்கமும் சின்னதா கிராஸ்ஃபேடு (ஒரு சத்தம் குறையக் குறைய அடுத்தது ஏறுறது) குடுக்கணும், இந்த வித்தைய பழக ஃபேர்லைட்டே தாராளம். செகண்டுக்கு 24 ஃபிரேம் ஓடுற படத்துல ஒரு ஃபிரேம்னா சுமார் 42 மில்லிசெகண்ட், அதுக்குள்ள காலடிய நகர்த்த காதுதான் பழகணும், சாஃப்ட்வேர் இல்ல. பழைய லேப்டாப்புன்னா ரிசால்வ் திணறும், அதையும் பாத்துக்கோங்க.

என்னைக் கேட்டா ஃபேர்லைட்ல ஒரு குறும்படம் முடிச்சிட்டு புரோ டூல்ஸ் ஷார்ட்கட்ட மனப்பாடம் பண்ணுங்க.