நாற்பது நூல் போட்டும் கன்னம் ஏறவில்லையா? த்ரெட் லிஃப்ட்டில் ஏமாறும் இடங்கள்

தொங்கும் கன்னத்தையும் தாடையையும் தூக்க, தோலுக்கு அடியில் கரையும் நூலைச் செலுத்தும் சிகிச்சைதான் த்ரெட் லிஃப்ட். அதைச் செய்துகொண்டு ஏமாந்தவர்களின் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. நாற்பது நூல், ஐம்பது நூல் என்று பேக்கேஜ் போட்டிருப்பார்கள். முடிந்த அன்று கண்ணாடியில் கன்னம் ஏறித் தெரியும், தாடைக்கோடு கூர்மையாக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்ததும் தொங்கல் பழைய இடத்துக்கே வந்துவிடும். திரும்பிப் போய்க் கேட்டால், “தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் இனிமேல்தான் உருவாகும், மூன்று மாதம் பொறுங்கள்” என்பார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால், உங்கள் தோலுக்கு இன்னொரு சிட்டிங் தேவை என்பார்கள்.

நூல் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் இருப்பதுதான் இந்த ஏமாற்றுக்கு வசதி. மோனோ என்பது மொட்டை நூல். 29, 30 கேஜ் மெல்லிய ஊசியில் (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெலியும்), மூன்று முதல் ஆறு சென்டிமீட்டர் நீளத்தில் வரும். அதில் முள் கிடையாது, சதையைப் பிடித்து இழுக்க எதுவுமே இல்லை. அதைச் சுற்றி லேசான அழற்சி ஏற்பட்டுக் கொஞ்சம் கொலாஜன் சேரும், தோலின் மேற்பரப்பு சற்று இறுகினாற்போல் தெரியும், அவ்வளவுதான். ஸ்க்ரூ என்பது சுருள் நூல், குழிந்த இடத்தில் சிறிது நிரப்பு தரும். உண்மையில் தூக்குவது காக் எனப்படும் முள் நூல் மட்டுமே. அது தடித்தது. 18 முதல் 21 கேஜ் வரையுள்ள கேனுலா என்ற ஊசிபோன்ற குழாயில் வரும், பெரும்பாலும் ஒன்பது பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கன்னத்துக்கும் தாடைக்கும் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து போட்டாலே வேலை நடக்கும். ஆகவே நாற்பது நூல் என்று எண்ணிக்கையைப் பெரிதாகச் சொன்னால், அதில் பெரும்பகுதி மோனோ என்று வைத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியது இதுதான்: இதில் முள் நூல் எத்தனை?

முள் நூலிலும் தரபேதம் உண்டு. நூலின் பக்கவாட்டில் வெட்டி முள் எடுத்தால், வெட்டிய இடமெல்லாம் நடுத்தண்டு மெலிந்துபோகும், இழுவையில் அங்கேதான் அறும். அச்சில் வார்த்தோ அழுத்தியோ செய்த முள்ளில் தண்டு முழுத் தடிமனோடு இருப்பதால் பிடிமானம் அதிகம். இரண்டும் ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன. உறையைப் பார்க்காமல் எது என்று தெரியாது.

அடுத்த பொய், எத்தனை காலம் நிற்கும் என்பது. பிடிஓ (பாலிடயாக்ஸனோன்) என்ற பொருளில் செய்த நூல் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மாதத்தில் கரையும். பிஎல்எல்ஏ என்ற பொருளில் செய்தது ஒரு வருடத்துக்கு மேல் தங்கும், பிசிஎல் என்ற பொருளில் செய்தது அதையும் தாண்டும். இந்தக் கணக்கைக் காட்டி, நூல் இரண்டு வருடம் இருக்கும், அதனால் தூக்கலும் இரண்டு வருடம் நிற்கும் என்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. முகத்தின் கொழுப்புப் படலம் மென்மையானது. பேசும்போதும் மெல்லும்போதும் சிரிக்கும்போதும் நூல் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சோப்புக் கட்டியை மெல்லிய கம்பி அறுத்துக்கொண்டு போவதுபோல முட்கள் சதையை மெதுவாக அறுத்து நழுவும். நூல் உள்ளே முழுசாக இருக்கும், பிடி மட்டும் விட்டுப்போயிருக்கும். தூக்கல் முதல் சில மாதங்களிலேயே குறையத் தொடங்குவது இதனால்தான். பொருத்தமான முகத்தில், நல்ல கையில், ஒரு வருட அளவுக்குப் பலன் தெரிந்தால் அது நல்ல முடிவு. நிரந்தரம் என்ற சொல் வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

புகைப்படங்களையும் கவனித்துப் பாருங்கள். முன்படத்தில் தலை குனிந்திருக்கும், வெளிச்சம் மேலிருந்து விழும். பின்படத்தில் முகவாய் சற்று உயர்ந்து, வெளிச்சம் நேராக விழும். கழுத்துத் தோல் இறுகுவதற்கு அந்தக் கோணமே போதும். அதோடு, சிகிச்சை முடிந்த உடனே எடுத்த படத்தில் மரப்பு மருந்தின் கனமும் வீக்கமும் சேர்ந்திருக்கும். சில இடங்களில் அதே அமர்வில் கன்னத்தில் ஃபில்லரும் (கன்னத்தை உப்ப வைக்கும் ஊசி மருந்து) ஏற்றிவிட்டு, எல்லாப் பெருமையையும் நூலுக்குக் கொடுப்பார்கள். ஒரே தலைநிலை, ஒரே வெளிச்சம், ஆறு வாரமாவது கடந்த பின் எடுத்தது: இந்த மூன்றும் சேர்ந்த படம் இல்லையென்றால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இந்தச் சிகிச்சையே மோசடி என்று சொல்ல வரவில்லை. தோலை வெட்ட வேண்டியதில்லை, முழு மயக்கம் தேவையில்லை, முப்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் முடிகிறது. ஊசித் துளை அளவே காயம். பெரும்பாலோர் ஒன்றிரண்டு வாரத்தில் வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். கன்னம் லேசாக இறங்கி, தாடை ஓரத்தில் சிறிய தொங்கல் தொடங்கியிருக்கும் முகத்துக்கு, தோலும் போதிய தடிமனோடு இருந்தால், சில மில்லிமீட்டர் ஏற்றம் கண்ணுக்குத் தெரியும். ஏமாற்றம் வருவது, பொருந்தாத முகத்தில் போடும்போது. கனத்த, கொழுப்பு மிகுந்த கன்னத்தை நூல் தாங்காது. காகிதம்போல் மெலிந்த தோலில் நூலே வெளியே தெரியும். பிடிஓ நூல் பலவற்றுக்கு ஊதாச் சாயம் ஏற்றியிருப்பதால் நீலக்கோடாகவும் தெரியலாம். கழுத்தில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் உபரித் தோலை நூல் எங்கும் கொண்டுபோக முடியாது, அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்துத் தோலை மேல்நோக்கி ஒரு சென்டிமீட்டருக்குள் நகர்த்துங்கள். அந்த அளவில் திருப்தி இல்லை, இன்னும் இழுத்தால்தான் நன்றாக இருக்கிறது என்றால் நூல் உங்களுக்கானதல்ல.

தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் ஆழம். நூல் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்புப் படலத்தில், ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். மேலே ஏறினால் குழி விழும், சுருக்கம் தட்டும், நுனி வெளியே துருத்தும். கீழே இறங்கினால் முக நரம்பின் கிளைகள், இரத்தக்குழாய்கள், காதோர உமிழ்நீர்ச் சுரப்பி ஆகியவை பாதையில் இருக்கின்றன. நெற்றிப்பொட்டில் தமனியும் புருவத்தை உயர்த்தும் நரம்பும் அருகருகே ஓடுகின்றன. முக உடற்கூறு தெரியாத கை அங்கே கேனுலாவை நுழைக்கக் கூடாது. இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு அழகு நிலைய ஊழியர் செய்ய முன்வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கவிளைவே இல்லை என்பதும் பொய். 26 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வில் வீக்கம் சுமார் 35 சதவீதம் பேருக்கும், தோலில் குழி சுமார் 10 சதவீதம் பேருக்கும், உணர்வு மாற்றம் 6 சதவீதம் பேருக்கும் இருந்தது. நூல் தெரிவது அல்லது தட்டுப்படுவது 4 சதவீதம், தொற்றும் நூல் வெளிவருவதும் தலா 2 சதவீதம். பத்தில் ஒருவருக்குக் குழி விழுகிறது என்பதைக் கையெழுத்து வாங்கும் முன் சொல்லாதவர், உங்கள் சம்மதத்தை முறையாக வாங்கவில்லை.

சிகிச்சைக்குப் பிறகு கைவிடப்படுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. குழி விழுந்திருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னால், “தானாகச் சரியாகும்” என்று பதில் வரும். லேசான குழி ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகலாம், உண்மைதான். ஆழமான குழியை முதல் சில நாட்களுக்குள் மருத்துவரே கையால் விடுவிக்க வேண்டும். நாள் தள்ளினால் சதை முட்களைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும், நூலை எடுப்பதும் கடினமாகிவிடும். நீங்களாக வீட்டில் தேய்த்தால் பிடித்திருக்கும் மற்ற முட்களும் நழுவும். வெளியே துருத்தும் நுனியை நீங்களே வெட்டவோ இழுக்கவோ வேண்டாம், கிருமி உள்ளே போக அது வழி.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வலி குறைய வேண்டிய மூன்றாம் நான்காம் நாளில் அது கூடினால், சிவந்து சூடாக இருந்தால், சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றே காட்ட வேண்டும். வாய் கோணுவது, புருவம் ஏறாதது மரப்பு மருந்தால் சில மணி நேரம் இருக்கலாம், மறுநாளும் இருந்தால் நரம்பைப் பரிசோதிக்க வேண்டும். சாப்பிடும்போது மட்டும் கன்னம் வீங்கினால் உமிழ்நீர்ச் சுரப்பியோ அதன் நாளமோ காயப்பட்டிருக்கலாம். சில வாரம் கழித்து நூல் போன பாதையில் கட்டி கட்டியாக எழுந்து, வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காவிட்டால், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த மைக்கோபாக்டீரியா காரணமாக இருக்கலாம். அதற்கென்று தனியாகக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேட்க வேண்டும், சாதாரணக் கல்ச்சரில் அது தப்பிவிடும். தொற்று பிடித்த நூலை எடுக்காமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் தழும்புதான் மிஞ்சும்.

முன்கூட்டியே எதைச் சொல்ல வேண்டும் என்றும் பலர் கேட்பதில்லை. இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கட்டுப்படாத சர்க்கரை, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, தன்னெதிர்ப்பு நோய், முகத்தில் முன்பு போட்ட நிரந்தர ஃபில்லர், கர்ப்பம், அந்த இடத்தில் பருவோ புண்ணோ: ஒன்றையும் மறைக்காதீர்கள். இரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். பல் சிகிச்சை பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். நூல் போட்ட பின் இரண்டு மூன்று வாரம் வாயை அகலத் திறக்கக் கூடாது, முக மசாஜ் கூடாது. மல்லாந்து, தலையை உயர்த்தித்தான் படுக்க வேண்டும். பின்னாளில் ஃபேஸ்லிஃப்ட் அறுவை செய்யும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பலமுறை நூல் போட்ட முகத்தில் உள்தழும்பு அறுவையைச் சிரமமாக்கலாம்.

சிகிச்சை அன்று நூலின் உறையை உங்கள் கண்ணெதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். பிடிஓ ஈரத்தில் சிதையும் பொருள், அதனால்தான் அலுமினியத் தாள் உறையில் அடைத்து வருகிறது. ஏற்கெனவே பிரித்த உறை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உறை மேல் நூலின் பொருள், வகை, கேஜ், நீளம், லாட் எண், காலாவதித் தேதி இருக்கும். அந்த ஒட்டியைப் படமெடுங்கள், உங்கள் கோப்பிலும் ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் எத்தனை நூல், எந்தத் திசையில் போட்டார்கள் என்ற குறிப்பையும் எழுத்தில் வாங்குங்கள். ஏதாவது கோளாறாகி வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது இதைத்தான். உள்ளே இருப்பது எந்த நூல், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால் சிறு துளை வழியாகத் தேடி எடுத்துவிடலாம். தெரியாவிட்டால் குருட்டாம்போக்கில் துழாவ வேண்டியிருக்கும்.