24 நாள் எலக்ட்ரானிக்ஸ் கிட்: ரெடிமேடா, ரிச்சி ஸ்ட்ரீட்டா?

கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணி, தினம் ஒரு கதவாகத் திறக்கும் காலண்டர் கிட் ஒரு பக்கம். உள்ளே எல்இடி, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர், 555 என்ற டைமர் ஐசி என்று ஒவ்வொன்றாக வரும். அதே சாமான்களைச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வீட்டிலேயே 24 பொட்டலம் கட்டுவது இன்னொரு பக்கம். பரிசாக நீட்ட அழகு கிட்தான். காசு மிச்சம் ரிச்சி ஸ்ட்ரீட். இதில் பெரிய விவாதம் இல்லை.

என் ஓட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு. காரணம் விலையல்ல, ஸ்பேர்.

கிட்டில் பல சாமான் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். முதல் நாள் எல்இடி அஞ்சாம் நாளும் பத்தாம் நாளும் திரும்ப வேண்டியிருக்கும். ரெசிஸ்டர் போடாமல் 9 வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுத்தால் ஒரு பளிச், அதோடு சரி. அதை நம்பியிருக்கும் மற்ற கதவுகளும் அங்கேயே நின்றுவிடும். எல்இடிக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்கும், வில்லங்கம் டிரான்சிஸ்டர் போனால்தான். சின்ன மின்னோட்டத்தால் பெரியதை இயக்கும் மூன்று கால் சாமான் அது. கிட்டின் கையேடு 2என்3904 என்ற ரகத்தைக் கேட்கும், கவுண்டரில் "அதுக்கு இதைப் போடுங்க சார்" என்று பிசி547 என்ற வேறு ரகம் தருவார்கள். வேலைக்கு ஆகும். ஆனால் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், முதலாவதில் அந்த மூன்று கால்கள் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். இரண்டாவதில் கலெக்டர், பேஸ், எமிட்டர். படத்தைப் பார்த்து அப்படியே செருகினால் எல்இடி மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. பிள்ளை வயரை எல்லாம் பிடுங்கித் தேடும். டிரான்சிஸ்டரைத் திருப்பிச் செருகினால் தீர்ந்தது, ஆனால் இது கையேட்டில் இருப்பது அரிது.

நாமே சேர்த்தால் படமும் சாமானும் ஒன்றாகவே இருக்கும். சால்டர் இல்லாமல் சாமான்களைச் செருகி இணைக்கும் 400 துளை பிரெட்போர்டு ஒன்று, சிவப்பு எல்இடி 10, 470 ஓம் ரெசிஸ்டர் 10, 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம் தலா 5, பிசி547 ஐந்து, 555 இரண்டு, 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 5, வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் எல்டிஆர் 2, புஷ் பட்டன் 4, 3–24 வோல்ட் பஸ்ஸர் ஒன்று. 9 வோல்ட்டில் 470 ஓம் போட்டால் சிவப்பு எல்இடிக்குச் சுமார் 15 மில்லிஆம்பியர், பயமில்லை. 555-க்கு 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் கொடுத்தால் ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை மின்னும். பிரெட்போர்டை வாங்கும்போதே ஒரு ரெசிஸ்டரைச் செருகித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். நழுவினால் வேறு கேளுங்கள்; லூஸ் போர்டில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது.

குறை உண்டு: 24 துண்டுச்சீட்டும் நீங்களே எழுத வேண்டும். இரண்டு மூன்று ராத்திரி வேலை. கோடிங் சேர்ந்த மைக்ரோகண்ட்ரோலர் (புரோகிராம் எழுதி இயக்கும் குட்டிக் கணினிச் சில்லு) கிட் என்றால் பாட வரிசையே அதன் பலம் என்பதால், அங்கே என் சாய்வு இவ்வளவு உறுதியில்லை.

இன்னொரு சௌகரியம் தேதி. டிசம்பர் 1 கணக்கு அரையாண்டுத் தேர்வோடு மோதும். டிசம்பர் 22-இல் தொடங்கினால் 24-வது பொட்டலம் ஜனவரி 14, பொங்கல் நேரம். பொட்டலத்துக்குக் காலித் தீப்பெட்டி போதும். பிரெட்போர்டும் 9 வோல்ட் பேட்டரியும் மட்டும் அதில் அடங்காது, முதல் நாள் தனிக் கவரில் கொடுத்துவிடுங்கள்.