நான்கு வருடம் ஓட்டியபின்: எல்சிடி 7074 மாடல்

எல்சிடி என்றால் இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளை நேராகக் கடற்கரையில் கொண்டுபோய் இறக்கிய படகு. அதில் ஒன்றான 7074-ஐ நான் மாடலாகச் செய்து ஓட்டுகிறேன். அதன் முன்கதவைத் தூக்கும் நைலான் நரம்பு போன வாரம் அறுந்துவிட்டது. அதை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் லண்டன் நண்பர் போன் செய்து, "நானும் ஒன்று செய்யட்டுமா?" என்று கேட்டார். அப்போதே பதில் சொல்லியிருந்தால் கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

என்னுடையது 1:72 அளவு, கிட்டத்தட்ட 80 செ.மீ. நீளம், இரண்டு மோட்டார், ரிமோட். மற்ற விவரங்கள் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

எரிச்சல் ஒன்றுதான்: காற்று. இந்தப் படகுக்கு ஏரா, அதாவது அடியில் நீளவாக்கில் நீருக்குள் இறங்கும் முதுகெலும்பு, என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அடி மேசைப்பலகை மாதிரி தட்டை. அணியமோ (முன்பக்கம்) சுவர் மாதிரி அகலம். பக்கத்திலிருந்து லேசாகக் காற்றடித்தால் போதும், நண்டு மாதிரி சாய்வாக நகர ஆரம்பித்துவிடும். சுக்கானை முழுக்கத் திருப்பினாலும் அணியம் திரும்பாது. நான்கு வருடமாக இதே பாடு. பொறுக்காமல் ஒருமுறை அடியில் ஒரு தகட்டை ஒட்டிப் பார்த்தேன். நேராகப் போனது. ஆனால் கரைக்கு இரண்டு அடி முன்னாலேயே தகடு தரைதட்டி நின்றுவிட்டது, டாங்கியை இறக்கினால் தண்ணீரில்தான் விழும். அன்றைக்கே பிய்த்துப் போட்டேன்.

நியாயமாகச் சொன்னால், படகைத்தான் நான் 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினேன், காற்றைச் சுருக்கவில்லை. ஆனாலும் நிஜப் படகுகளும் இதே தொல்லையைப் பட்டவைதான். 1944 ஜூன் 5-ல் நடக்க வேண்டிய, பிரான்சின் நார்மண்டி கரையில் நேச நாட்டுப் படைகளின் தரையிறக்கம் வானிலையால்தான் ஒரு நாள் தள்ளிப்போனது. மறுநாளும் கடல் அடங்கவில்லை. 7074 ஏப்ரலில்தான் இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் ஹெப்பர்ன் என்ற ஊரில் நீரில் இறங்கியிருந்தது, வயது இரண்டு மாதம். பிரிட்டிஷ் ஏழாவது கவச டிவிஷனின் பத்து டாங்கிகளை ஏற்றிக்கொண்டு ஜூன் 7 அன்று நார்மண்டியின் கோல்ட் கடற்கரையில் கரையேறியது. அதை ஓட்டிய ஜான் பேகட்டுக்கு வயது 20. குளத்தில் பத்து நிமிடம் இதை நேராக வைத்திருக்கவே எனக்குக் கை வலிக்கிறது. அந்த இளைஞர் ஆங்கிலக் கால்வாய் முழுக்க எப்படிப் பிடித்துக்கொண்டு போனார் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம், நான் எதிர்பார்க்காத சந்தோஷம் அமரத்தில் (பின்பக்கத்தில்) இருக்கும் நங்கூரம். பெரிய படகில் கரைக்குக் கொஞ்சம் முன்பே அதைப் போட்டுவிட்டு, வடத்தை விட்டுக்கொண்டே போய்க் கரையேறுவார்கள். இறக்கி முடிந்ததும் வடத்தைச் சுற்றிப் படகைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். நானும் ஒரு சின்ன மோட்டாரும் தூண்டில் நரம்பும் வைத்து அதைச் செய்தேன். மணல் ஒட்டிய பலகையில் அணியம் ஏறும், கதவு இறங்கும். பின்னால் நரம்பு சொட்டச் சொட்டத் தண்ணீருக்கு மேலே எழும்பி விறைத்து நிற்கும். அந்த நேரத்தில் எந்தக் காற்றடித்தாலும் படகு குறுக்கே திரும்பாது. சும்மா பின்னால் இழுக்கத்தான் என்று நினைத்திருந்த சாமான், அமரத்தை ஆடவிடாமல் பிடித்து வைப்பதும் அதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

நிஜப் படகை இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் உள்ள சவுத்ஸீயில் போய்ப் பார்த்தேன். நார்மண்டிக்குப் போன 800-க்கும் மேற்பட்ட எல்சிடிகளில் மிஞ்சியது இது ஒன்றுதான். லிவர்பூலில் கிளப்பாக இருந்து, பர்க்கன்ஹெட் துறையில் மூழ்கிக் கிடந்து, 2014-ல் வெளியே எடுத்த படகு. 2020-லிருந்து சவுத்ஸீயில் உள்ள நார்மண்டி தரையிறக்க அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் கூரைக்குக் கீழே நிற்கிறது. போருக்குப் போனபோது அதற்கு வெறும் எண்தான். லேண்ட்ஃபால் என்ற பெயர் கிளப்பானபோது வந்தது. எனக்கு அது வருத்தம். என் மாடலில் எண்ணை மட்டுமே எழுதியிருக்கிறேன்.

சரி நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் செய்ததிலேயே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த படகு இதுதான். ஆனால் நீங்கள் செய்ய வேண்டாம். உங்களுக்கு வாரத்தில் கிடைப்பது ஒரு ஞாயிறு, அதிலும் பாதி ஞாயிறு காற்றில் போய்விடும். ஆழமான அடி உள்ள ஒரு இழுவைப் படகு செய்யுங்கள். இல்லை, இதுதான் வேண்டும் என்றால் முதலில் நங்கூரத்தைச் செய்யுங்கள், கதவுக்கு நைலான் போடாமல் எஃகுக் கம்பி போடுங்கள். என்னுடையதை விற்பேனா என்றும் கேட்டீர்கள். விற்க மாட்டேன்.