சோபெலா, கோஹிரன்ஸா, ஏஐயா? சைஸ்மிக்ல ஃபால்ட் தேடப் போய் நான் பட்ட பாடு

வேலூர்ல உக்காந்துகிட்டு சைஸ்மிக் (பூமிக்குள்ள அதிர்வு அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலியை வச்சு அடியில இருக்கிற அடுக்கைப் படமாக்குறது) பத்தி பேசுறதே காமெடிதான், இங்க காலுக்கடியில நைஸ், சார்னக்கைட்னு கெட்டிப் பாறைதான், எண்ணெய் தேடி எவனும் வரமாட்டான். ஆனா இந்த ஊர்ல போர் போட்டவங்களுக்குத் தெரியும், பாறையில வெடிப்பு சிக்குனா தண்ணி, இல்லன்னா போட்ட காசு மண்ணு. சைஸ்மிக்லயும் தேடுறது கிட்டத்தட்ட அதேதான், அடுக்கு எங்க உடைஞ்சு நகந்திருக்கு (அதான் ஃபால்ட்), பழைய ஆறு எங்க ஓடியிருக்கு (அதான் சேனல்).

நான் பழகுனது எஃப்3 டேட்டால, நெதர்லாந்து பக்கம் வட கடல்ல எடுத்தது, யார் வேணா இலவசமா எடுத்துக்கலாம். 651 இன்லைன், 951 கிராஸ்லைன் (நீளவாக்குலயும் குறுக்குவாக்குலயும் போற கோடு), ஒரு ட்ரேஸுக்கு (ஒரு புள்ளிக்குக் கீழ பதிவான அலை) 462 சாம்பிள், பெருக்கிப் பாத்தா 28 கோடிக்கு மேல, 32 பிட்ல வச்சா 1.1 ஜிபி. பழைய லேப்டாப்பே தாங்கும்.

ஆரணிக்கார ஃபிரெண்ட் ஒருத்தன், சிஎஸ் படிச்சவன், "படம்தானப்பா இது, இன்னாத்துக்கு இவ்ளோ சீனு, சோபெல் போட்டா முடிஞ்சிது"ன்னான். சோபெல்னா படத்துல விளிம்பைக் கண்டுபிடிக்கிற ஃபில்டர். செங்குத்து செக்‌ஷன்ல போட்டோம், படம் பூரா கோடு கோடா மின்னுது, ஃபால்ட்டை மட்டும் காணோம்! யோசிச்சா காரணம் சிம்பிள்தான், போட்டோல விளிம்புன்னா ஒரு பொருள் முடியுற இடம், இங்க ஒவ்வொரு அடுக்கும் தானே ஒரு விளிம்பு, நமக்கு வேண்டியது அந்த அடுக்கு அறுந்து போற இடம். டைம் ஸ்லைஸ்ல (படுக்கவாட்டு வெட்டுல) போட்டா தேவலாம், ஆனா அடுக்கு சாய்ஞ்சிருந்தா மறுபடி அதே கோடு. மொதல்ல டிப் (அடுக்கோட சாய்வு) கணக்கு பண்ணி, அந்த சாய்வு வழியாவே சோபெல் ஓட்டுனா நெஜமாவே நல்லா வருது, வேகமும் ஜாஸ்தி.

கோஹிரன்ஸ் வேற ரூட்டு. பக்கத்து பக்கத்து ட்ரேஸ் ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு பாக்கும், ஒத்துப்போகாத இடம் கருப்பா வரும். 1995ல அமோகோ எண்ணெய் கம்பெனியில இருந்த பஹோரிச்சும் ஃபார்மரும் கொண்டாந்தது, அப்புறம் செம்பிளன்ஸ், ஐகன்னு அடுத்தடுத்த கணக்கு முறையா வளந்துச்சு. இதுல உயிரே ஜன்னல் அளவுதான் (ஒரு தடவைக்கு ட்ரேஸ்ல எத்தனை சாம்பிளை ஒப்பிடுறோம்ங்கிறது), நான் மொதல்ல 21 சாம்பிள் வச்சேன், 4 மில்லிசெகண்டுக்கு ஒண்ணுன்னா 80 மில்லிசெகண்ட் உயரம், மேல கீழ இருக்கிற எல்லாம் ஒண்ணாக் கலந்து சேனல் பூரா ஈஷிப் போச்சு, 9க்கு இறக்குனதும்தான் தெளிஞ்சுது. கோடையில காட்பாடி போறப்ப பாலாத்துப் பாலத்து மேலருந்து மணல்ல வளைஞ்சு கிடக்கிற தடத்தைப் பாத்திருப்பீங்கல்ல, நல்ல டைம் ஸ்லைஸ்ல சேனல் அச்சு அசல் அப்படித்தான் தெரியும். குறையும் இருக்கு: கருப்பு வந்தா அது ஃபால்ட்டா, சேனல் கரையா, வெறும் நாய்ஸான்னு அது சொல்லாது, ஃபால்ட் சரியா ஒரு சைக்கிள் அளவு இறங்கியிருந்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிஞ்சு கோட்டையே விட்டுடும்.

சோபெல், கோஹிரன்ஸ் ரெண்டுக்கும் முன்னாடி ஸ்மூதிங் (நாய்ஸை மெழுகிக் குறைக்கிறது) கட்டாயம், ஆனா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கலாக்குற காஸியன் ப்ளர் வேண்டவே வேண்டாம், அது ஃபால்ட்டையும் சேத்து மெழுகிடும். அடுக்கு வழியா மட்டும் மெழுகி, அறுந்த இடத்துல நிக்கிற மாதிரி ஃபில்டர் இருக்கு, 2003ல ஃபேமர்ஸும் ஹோக்கரும் எழுதுனது. கம்ப்யூட்டர்லயே எறும்பு மாதிரி ஊர விட்டு ஃபால்ட் தேடுற ஆன்ட் ட்ராக்கிங்கும் இருக்கு, படம் அழகா வரும், ஆனா சர்வே எடுத்த திசையில விழுற தடத்தையும் சேத்து ஃபால்ட்டுன்னு காட்டிட்டுப் போகும்.

இப்ப எல்லாரும் ஏஐங்கிறாங்க. 2019ல ஷின்மிங் வூ குழு பண்ணதுல கையால ஃபால்ட் வரைஞ்சு சொல்லித்தர்ற வேலையே இல்ல, கம்ப்யூட்டர்லயே செஞ்ச 200 செயற்கை கியூப், ஒவ்வொண்ணும் 128க்கு 128க்கு 128, அதை வச்சே யூ-நெட்ங்கிற நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கிட்டாங்க. எஃப்3ல ஓட்டுனா கோடு மெல்லிசா, சுத்தமா, கோஹிரன்ஸ் பக்கத்துல நிக்க முடியாது. ஆனா அதுக்குத் தெரிஞ்சது ஃபால்ட் மட்டும்தான், சேனல் வேணும்னா கையை விரிச்சிடும். நம்ம டேட்டா அது பழகுனதுலருந்து ரொம்ப மாறியிருந்தா தடுமாறும். மெமரி பத்தாம துண்டு துண்டா வெட்டி ஓட்டுனேன், ஓவர்லாப் வைக்க மறந்துட்டேன், ஒட்டுன இடமெல்லாம் நேர்கோடா ஃபால்ட் மாதிரி நிக்குது! அதுவும் மே மாசம், ரெண்டு தடவை கரண்ட் போய் மொதல்லருந்து.

என்னைக் கேட்டா, புது டேட்டா கைக்கு வந்தா மொதல்ல ஸ்மூதிங், அப்புறம் கோஹிரன்ஸ், ஜிபியு இருந்தா மட்டும் ஏஐ, அதுவும் கோஹிரன்ஸ் படத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு. ஆரணிக்காரன் மட்டும் டிப் வழி சோபெலே போதும்னு அடம்புடிக்கிறான், எஃப்3 சைஸுக்கு அவன் சொல்றதும் தப்பில்ல.