காரின் முன்னிருக்கைகளுக்கு எந்த ஆர்கனைசர் பொருந்தும்?

காரின் முன்பகுதியில் பொருள்களை வைப்பதற்கென விற்கப்படும் ஆர்கனைசர்களைப் பெரும்பாலோர் ‘எவ்வளவு பொருள் கொள்ளும்’ என்ற ஒரே அளவுகோலைக் கொண்டுதான் தேர்ந்தெடுக்கிறார்கள். விற்பனைப் படங்களும் பத்துப் பன்னிரண்டு பொருள்களை அடுக்கிக் காட்டி அந்த எண்ணத்தையே வளர்க்கின்றன. என் மதிப்பீட்டில் கொள்ளளவுக்கு மூன்றாம் இடம்தான். அந்தப் பையோ பெட்டியோ ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் பார்வைக்கும் குறுக்கே வருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் தம் வேலையைச் செய்வதற்கு அது தடையாக இருக்குமா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். இவ்விரண்டிலும் தேறியவற்றுக்குள்தான் எது அதிகம் கொள்ளும் என்ற பேச்சே எழ வேண்டும். பின்னிருக்கையிலோ டிக்கியிலோ வைக்கும் பைகளுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை; முன்னிருக்கைப் பகுதி வண்டியை ஓட்டும் இடம் என்பதால் இங்கே தேவைப்படுகிறது.

மிக அதிகமாக வாங்கப்படுவது, இருக்கைக்கும் நடுக் கன்சோலுக்கும் (இரு முன்னிருக்கைகளுக்கு நடுவே கியர் அமைந்திருக்கும் மேடை) இடையிலுள்ள சந்தில் செருகும் வகை. இதில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஒன்று, கைபேசி, சாவி, சில்லறை வைப்பதற்கான அறைகளோடு கூடிய கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. மற்றொன்று, எதையும் சேமிக்காமல் சந்தை அடைத்துப் பொருள்கள் உள்ளே விழாமல் தடுக்க மட்டுமே செய்கிற, நியோப்ரீன் என்ற ரப்பர் போன்ற துணி போர்த்திய நீண்ட அடைப்பான். எதையும் வைக்க இடமில்லாத ஒன்றுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று தோன்றலாம். ஆனால், அந்தச் சந்தால் வரும் உண்மையான தொல்லை இடப் பற்றாக்குறை அன்று. ஓடும் வண்டியில் கைபேசி உள்ளே விழுந்ததும் ஓட்டுபவரின் கை தானாக அதைத் தேடிப் போவதுதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, அவர் குனிந்து பார்க்கும் 2 நொடிக்குள் ஏறத்தாழ 28 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். அடைப்பான் இந்த ஆபத்தைப் பெருமளவு தீர்க்கிறது. பெட்டியோ ஒரு பகுதியைத் தீர்த்துவிட்டு வேறு சில தொல்லைகளைக் கொண்டுவருகிறது.

அந்தத் தொல்லைகள் சீட் பெல்ட் பக்கிளில், அதாவது பெல்ட்டைச் செருகிப் பூட்டும் பகுதியில், தொடங்குகின்றன. பெரும்பாலான கார்களில் பக்கிள் இருக்கையோடு பிணைக்கப்பட்டு, இருக்கை முன்னும் பின்னும் நகரும்போது கூடவே நகர்கிறது. நல்ல அடைப்பானில் பக்கிள் நுழைவதற்கென ஒரு துளையோ வெட்டோ இருக்கும். பக்கிளை அதன் வழியே மேலே எடுத்துவிட்டால், இருக்கையை எங்கே நகர்த்தினாலும் அடைப்பானும் உடன் செல்லும். கெட்டிப் பெட்டியின் நிலை வேறு. அதன் ஒரு பக்கம் நகரும் இருக்கையையும் மறுபக்கம் நகராத கன்சோலையும் உரசிக்கொண்டு நிற்பதால், இருக்கையை நகர்த்தும்போது அது சிக்கிக்கொள்கிறது, அல்லது கன்சோலின் மீது கீறலை இழுத்துக்கொண்டே வருகிறது. பல பெட்டிகள் பக்கிளைப் பக்கவாட்டில் தள்ளி, அதன் சிவப்புப் பொத்தான் விளிம்புக்குக் கீழே புதையும்படியும் செய்துவிடுகின்றன. பார்க்காமலேயே ஒரு கையால் பெல்ட்டை மாட்டவும் கழற்றவும் முடியவில்லை என்றால், வேறு எந்த வசதி இருந்தாலும் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுவதே சரி. விபத்துக்குப் பின் உள்ளே இருப்பவரை வெளியே எடுக்க வருபவரின் கை முதலில் தேடுவதும் அந்தப் பொத்தானைத்தான்.

சந்தின் அகலத்தை அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. காலி இருக்கையில் அளந்தால் கிடைக்கும் அளவு வேறு. ஆள் உட்கார்ந்ததும் இருக்கையின் நுரை பக்கவாட்டில் பிதுங்குவதால் கிடைக்கும் அளவு வேறு. அதோடு, இருக்கையின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் இடைவெளி ஒரே அளவாக இருப்பதில்லை. ஆகவே, வழக்கமாக ஓட்டுபவர் தம் வழக்கமான நிலையில் அமர்ந்திருக்க, முன்னே ஓரிடத்திலும் பக்கிளுக்கு அருகே ஓரிடத்திலும் அளந்து, இரண்டில் குறைவானதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இருக்கைகளுக்கு நடுவே நெம்புகோல் வகை ஹேண்ட் பிரேக் உள்ள கார்களில், அதை முழுமையாக மேலே இழுத்தும் கீழே இறக்கியும் பார்ப்பது அவசியம். பெட்டியின் விளிம்பில் விரல்கள் இடிபட்டால் அங்கே பெட்டிக்கு இடமில்லை. பொத்தானால் இயங்கும் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டிகளில் இந்தச் சிக்கல் இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஓட்டுநர் பக்கத்தில் அடைப்பானையும், பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் பயணி பக்கத்தில் மட்டும் பெட்டியையும் வைப்பதே தகும். பக்கவாட்டில் கப் ஹோல்டர் வளையம் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகள் எந்தப் பக்கத்துக்கும் உகந்தவை அல்ல. அவை தொடையில் குத்துகின்றன, அவற்றில் வைத்த குவளை ஒவ்வொரு திருப்பத்திலும் தளும்புகிறது.

இவற்றோடு ஒப்பிட, ஆர்ம்ரெஸ்ட்டுக்கு அடியிலுள்ள ஆழமான பெட்டிக்குள்ளோ கியருக்கு முன்னாலுள்ள குழிவிலோ பொருந்தும் உள்தட்டுகள் பார்ப்பதற்கு எளியவை, விளம்பரமும் குறைவு. ஆயினும், இந்த அலசலில் நான் முதலிடம் தருவது இவற்றுக்கே. கார் தயாரிப்பாளர் ஏற்கெனவே ஒதுக்கியிருக்கும் இடத்தைத்தான் இவை ஒழுங்குபடுத்துகின்றன. புதிதாக ஓர் இடத்தை ஆக்கிரமிப்பதில்லை. மேல் தட்டில் சாவி, பேனா, சில்லறை, அடிக்கடி எடுக்கும் அட்டைகள், கீழே எப்போதாவது தேவைப்படும் கேபிளும் துணியும் என்று பிரித்து வைத்தால், தேடுகிற வேலையே பெருமளவு குறைந்துவிடும். மூடியை இறக்கிவிட்டால், திடீரென பிரேக் போடும்போது எதுவும் பறப்பதில்லை. இவை குறிப்பிட்ட மாடலுக்கென்றே வார்க்கப்படுவதால், மாடலின் பெயரோடு தயாரிப்பு ஆண்டையும் சரிபார்த்து வாங்க வேண்டும். ஒரே பெயருள்ள காரிலேயே தலைமுறை மாறும்போது கன்சோலின் வடிவம் மாறிவிடுவது வழக்கம். வயர்லெஸ் சார்ஜர் உள்ள குழிவின் மீது தட்டை வைக்கக் கூடாது. அந்தச் சார்ஜருக்கும் கைபேசிக்கும் இடையில் நாணயமோ சாவியோ சிக்கினால் அந்த உலோகம் சூடேறும்.

கப் ஹோல்டருக்குள் செருகி மேலே விரியும் ஆர்கனைசர்களும் இதே நடுப்பகுதியைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் எதிர்த்திசையில். உள்தட்டு பொருள்களைக் கீழே இறக்குகிறது. இவை மேலே ஏற்றுகின்றன. மேலே ஏறும் ஒவ்வோர் அங்குலமும் கியரை நோக்கிப் போகும் கைக்கும் ஏ.சி. பொத்தான்களுக்கும் அருகில் வருகிறது. கப் ஹோல்டர் கியருக்குப் பின்னால் இருந்து, அடிப்பகுதியைத் திருகி இறுக்கக்கூடிய வகையும் கிடைத்தால், பெரிய பாட்டில் வைத்துக்கொள்ள இதை ஏற்கலாம். கியருக்கு முன்னாலோ பக்கத்திலோ கப் ஹோல்டர் அமைந்த கார்களில் வேண்டாம்.

தனியாக நெடுந்தொலைவு சென்று வேலை பார்ப்பவர்களுக்கு, பயணி இருக்கையின் மீது வைக்கும் பெரிய பையைவிடப் பயனுள்ளது வேறில்லை. கோப்புகள், மடிக்கணினி, தண்ணீர், உணவு எல்லாம் ஒரே இடத்தில் அமைந்துவிடும். ஆனால், அந்தப் பை எதனால் பிடித்து நிறுத்தப்படுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது, கட்டப்படாமல் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கொண்டிருக்கும் ஆற்றல், அதே பாட்டில் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றலுக்குச் சமம். ஹெட்ரெஸ்ட்டில் மெல்லிய எலாஸ்டிக் வளையத்தால் மட்டும் தொங்கும் பைகள் இத்தகைய விசையைத் தாங்கா. காரின் சொந்த சீட் பெல்ட்டையே உள்ளே நுழைத்துப் பூட்டும் அமைப்புள்ள பையும், மேலே ஜிப்போ மூடியோ உள்ள பையுமே வாங்கத் தக்கவை. பல கார்களில் பயணி இருக்கைக்கு அடியில் எடையை உணரும் சென்சார் இருக்கிறது. சில கிலோ எடையை வைத்தாலே பெல்ட் போடச் சொல்லி எச்சரிக்கை ஒலிக்கும். பையைப் பெல்ட்டால் பூட்டினால் அந்த ஒலியும் அடங்கும், பையும் நிலையாக நிற்கும். சில கார்களில் முன்பக்க ஏர்பேக் விரியலாமா கூடாதா என்பதை முடிவுசெய்வதும் இந்தச் சென்சார்தான். எனவே அடுத்து யாராவது அந்த இருக்கையில் அமரும்போது பையையும் அதன் பட்டைகளையும் முழுமையாக நீக்கிவிட வேண்டும்.

இதற்குப் போட்டியாக, இரு இருக்கைகளின் தோள்பகுதிகளுக்கு நடுவே கட்டும் வலைப்பை இருக்கிறது. கைப்பையைக் காலடியில் வைக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள முடிகிறது என்பது இதன் பெரிய வசதி; பயணி இருக்கையும் காலியாகவே இருக்கும். எனினும், பின்னிருக்கையில் குழந்தை இருந்தால் முன்னாலிருந்து கை நீட்டுவதற்கு இது தடுப்புச் சுவராகிவிடும். புதிய கார்கள் சிலவற்றில், பக்கவாட்டு மோதலில் முன்னிருப்பவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளாமல் தடுப்பதற்காக, ஓட்டுநர் இருக்கையின் உட்பக்கத்திலிருந்து விரியும் நடு ஏர்பேக் வைக்கப்படுகிறது. ஐரோப்பாவில் புதிய கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2020-ஆம் ஆண்டு முதல் இத்தகைய மோதலையும் மதிப்பிடத் தொடங்கியபின் இது பரவி வருகிறது. உங்கள் கார் அத்தகையதாக இருந்தால் இந்த வலைப்பையை எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

இருக்கையின் கதவுப் பக்க ஓரத்தில் தொங்கும் பைகளுக்கும் அதே காரணம் பொருந்தும்; பக்கவாட்டு ஏர்பேக் பெரும்பாலும் அங்கிருந்துதான் விரிகிறது. வெயில் மறைப்பில் மாட்டும் பைகளில் காகிதமும் மெல்லிய அட்டைகளும் வைக்கலாம். கெட்டியான எதையும் தலை உயரத்தில் வைப்பது தகாது. இருக்கைக்கு அடியில் நுழைக்கும் பெட்டிகளைப் பயணி பக்கத்தில் மட்டும், அதுவும் அங்குள்ள வயர் இணைப்புகளையும் ஏ.சி. துவாரத்தையும் தொடாத அளவில் இருந்தால் மட்டும் ஏற்கலாம். ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து உருண்டுவரும் ஒரு பாட்டில் பிரேக் பெடலுக்குக் கீழே போய் நின்றுவிட்டால் பெடலை அழுத்தவே முடியாது.

எந்த வகையை எடுத்தாலும், அது எதனால் செய்யப்பட்டது என்பதையும் பாருங்கள். தோல்போலத் தோன்றும் பாலியூரித்தேன் உறைகள் வெயிலும் ஈரமும் பட்டுச் சில ஆண்டுகளில் செதிள் செதிளாக உரிகின்றன. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பெட்டி அழகில் பின்தங்கினாலும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். உள்ளே கம்பளி போன்ற மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டியிருந்தால் சில்லறை கடகடப்பதும் நின்றுவிடும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது என்பதால், பவர் பேங்க், லைட்டர், ஸ்ப்ரே டின் ஆகியவற்றை எந்த ஆர்கனைசரிலும் விட்டுச்செல்லக் கூடாது.

வாங்கிப் பொருத்தியதும், வண்டியை நிறுத்திய நிலையிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். இருக்கையைக் கடைசிவரை முன்னே தள்ளி, பிறகு கடைசிவரை பின்னே இழுங்கள். கண்களை மூடிக்கொண்டு பெல்ட்டை மாட்டிக் கழற்றுங்கள். எல்லா கியர்களையும் ஒருமுறை போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பாருங்கள். இவற்றில் ஏதாவது ஓரிடத்தில் கை தடுமாறினாலும், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.